ஒரு நாள்கூடத் தாமதிக்காத ஜெயக்கொடி

இது நடந்த கதை. ஒரு பொட்டுப் பொய் கிடையாது. வேண்டுமானால் அத்திப்பள்ளி டோல்கேட்டில் அசையாமல் நிற்கிற இந்தக் கம்பெனி பஸ்ஸின் மேல் அடித்துச் சத்தியம் செய்யலாம். சரி, பஸ் பாவம், அது ஏற்கெனவே நொந்து கிடக்கிறது. இப்போதே சொல்லிவிடுவது நல்லது: கதை கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லப்படும். ஆள் உண்மை, ஊர் உண்மை, வருத்தம் உண்மை. மற்றதெல்லாம் இருக்கிற துணியில் வைத்த கொசுவம்.

டிரைவர் பெருமாள் இன்ஜினை அணைத்துவிட்டார். கேன்டீனில் வேலை பார்க்கிற நாகம்மா காலை நீட்டிக்கொண்டாள். க்யூ.சி.யில் தரம் பார்க்கிற விமல்ராஜ் காதிலிருந்து இயர்போனை உருவிவிட்டான். இனி ஆரம்பிக்கலாம்.

ஓசூர் பாகலூர் ரோட்டில், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் ‘ஜெயம் பிரைடல் ஸ்டுடியோ’ என்று போர்டு தொங்கும். கல்யாணப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பது, ஆரி ஊசியால் பூவேலை போடுவது, இறுக்கிப் பிடித்ததைப் பிரித்துவிடுவது, தொளதொளத்ததைப் பிடித்துக் கொடுப்பது, இதுதான் தொழில். நடத்துகிறவள் ஜெயக்கொடி. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் வெள்ளைச்சாமிக்கு இங்கே பாக்டரியில் வேலை கிடைத்தபோது, பாத்திரம் பண்டம்கூட இல்லாமல் ஒரு தையல் மெஷினை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கியவள்.

அவள் தைத்தால் லைட் கம்பத்துக்குக்கூட இடுப்பு வரும். பெங்களூரிலிருந்து கார் போட்டு வருவார்கள். கன்னடம் பாதி, தெலுங்கு பாதி, தமிழ் பாதி என்று மூன்று பாதியாகப் பேசி அளவெடுப்பாள். ஆனாலும் அவள் பேர் வாங்கியதெல்லாம் நேரத்துக்குத்தான்.

டெய்லர்களைப் பற்றித் தெரியாதவர் யார்? டெய்லர் வீட்டுக் குழந்தை ‘அம்மா’ என்று சொல்லப் பழகும் முன்பே ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லும். தீபாவளிக்குக் கொடுத்த சட்டை பொங்கலுக்கு வரும். அதற்குள் போடுகிற பையனுக்கு மீசை வந்திருக்கும். ஜெயக்கொடி அந்த ரகமே இல்லை. வெள்ளிக்கிழமை நாலு மணி என்றால் நாலு மணி. கரண்ட் போனால் காலால் மிதிப்பாள். மெஷின் படுத்தால் கையால் தைப்பாள். கொரோனாவில் ரோடெல்லாம் அடைத்துக் கிடந்தபோது ஒரு ஜாக்கெட்டைத் தக்காளி லாரியில் ஏற்றி அனுப்பினாள். தக்காளி வழியிலேயே அழுகிப் போயிற்று. ஜாக்கெட் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்படிப்பட்டவளிடம்தான் சௌமியா வந்தாள்.

சௌமியா நாட்றாம்பாளையத்துக் கோவிந்தப்பனின் மகள். ஓசூரில் ஹாஸ்டலில் தங்கி, வண்டி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் இரும்பு கடைகிற சி.என்.சி. மெஷின் ஓட்டுகிற டிரெய்னி. மாப்பிள்ளை கௌதமுக்குச் சிங்காரப்பேட்டை. தோப்பு உண்டு, மாடு உண்டு, டிராக்டர் உண்டு. ‘கல்யாணத்துக்கு அப்புறம் வேலை வேண்டாம்’ என்பது மட்டும்தான் அவர்கள் போட்ட ஒரே கண்டிஷன். முகூர்த்தப் பட்டுப்புடவையை மாப்பிள்ளையின் அம்மா காளியம்மாள் தன் கையாலேயே எடுத்திருந்தாள். புடவையோடு வந்த துணியிலேயே ஜாக்கெட் தைக்க வேண்டும், புடவைக்கு ஃபால்ஸ் அடித்து முந்தியில் குஞ்சம் கட்ட வேண்டும். ஆக, கல்யாணமே ஜெயக்கொடியின் பீரோவுக்குள் மடிந்து கிடந்தது என்று சொன்னால் அதில் பெரிய பொய் இல்லை.

போட்டுப் பார்க்கிற அன்றைக்கு, ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு தனியாக வந்தாள் சௌமியா. திரைக்குப் பின்னால் கண்ணாடி முன் நிற்க வைத்து, முதுகுப் பக்கம் ஊசி குத்திக்கொண்டிருந்தாள் ஜெயக்கொடி.

“என்னத்தா, மூஞ்சி இம்புட்டு நீளமா இருக்கு? மாப்பிள்ள போன் பண்ணலையா?”

“அக்கா, ஒண்ணு கேப்பன். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“கேளு. கழுத்த எறக்கித் தைக்கச் சொல்லி மட்டும் கேக்காத. உங்க அத்த என்னையத் தச்சுப்பிடுவாக.”

“கொஞ்சம் லேட் பண்ணுங்கக்கா.”

ஜெயக்கொடிக்கு வந்த சிரிப்பில் வாயில் கவ்வியிருந்த குண்டூசி கீழே விழுந்தது. “சீக்கிரம்னு கேட்டவளுக ஆயிரம் பேரு. லேட்டுன்னு கேட்டவ நீ ஒருத்திதான்டி.”

சௌமியா சிரிக்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த ஜெயக்கொடியைப் பார்த்தே பேசினாள். “ஆனி கடைசி முகூர்த்தம்க்கா இது. தப்பிச்சின்னா ஆடி. ஆடில யாரும் வெக்கமாட்டாங்க, ஆவணிக்குப் போயிரும். அதுக்குள்ள எனக்கு பர்மனென்ட் ஆர்டர் வந்துரும். டிரெய்னி வேலைய விட்டுட்டு வான்றது ஈஸி. ஆர்டர் கையில இருந்தா விடுன்னு சொல்ல அவுங்களே யோசிப்பாங்க.”

“அதுக்கு நான் என்னத்தா செய்ய?”

“கடையப் பூட்டிக்கினு உங்க ஊருக்குப் போயிருங்க. போன ஆஃப் பண்ணிருங்க. முகூர்த்தப் பொடவ இல்லாம எங்கத்த மணையில உக்கார வெக்காது.”

“உங்கப்பன்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னன். பந்தலுக்குச் சொல்லியாச்சுன்னாரு.”

ஜெயக்கொடி கீழே விழுந்த ஊசியைத் தேடி எடுத்தாள். தேடியதில் பாதி நேரம், பதில் சொல்லாமல் இருப்பதற்காக. பிறகு, எந்தப் பெண் கண் கலங்கினாலும் சொல்கிற அதே பேச்சைச் சொன்னாள். “கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போகும்த்தா. அம்புட்டுப் பேரும் பயந்துக்கிட்டுத்தான் மணையேறுறோம். திரும்பு, முன்பக்கம் பாக்கணும்.”

சௌமியா திரும்பினாள்.

அவள் போன பிறகுதான் அவள் சொன்னது ஜெயக்கொடிக்கு உறைத்தது. அந்தப் பெண் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. கணக்குப் போட்டுப் பேசியிருந்தாள். பீரோவைப் பார்த்தால் பூட்டு கண்ணில் படுகிறது. பூட்டைப் பார்த்தால் உசிலம்பட்டி பஸ் ஞாபகம் வருகிறது. வெள்ளைச்சாமியிடம் சொன்னாள். அவர் சோற்றிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: “ஒருத்தி லேட்டுன்னு சொன்னா ஊரே சொல்லும். வாங்குன பேரு என்னாகுறது?”

பேர். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. எங்கே மனசு மாறிப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோமோ என்று பயந்து, முகூர்த்தத்தன்று புடவை கட்டிவிட எப்படியும் போக வேண்டியவள், சொன்ன தேதிக்கும் முன்பே கிருஷ்ணகிரி போய், ஊத்தங்கரை பஸ் பிடித்து, பையை மடியை விட்டு இறக்காமல் சிங்காரப்பேட்டையில் போய் இறங்கினாள். சௌமியா கையில் கொடுக்கவில்லை. காளியம்மாள் கையில் கொடுத்தாள்.

காளியம்மாள் புடவையை விரித்தாள். குஞ்சத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தெருவில் இருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். பட்டின் ஜொலிப்பில் எதிர்வீட்டுக் கோழி விடிந்துவிட்டது என்று கூவியதாம். அது கொசுவம், விடுங்கள்.

“டெய்லருன்னா நீதாம்மா டெய்லரு,” என்றாள் காளியம்மாள். “எங்க ஊர்ல ஒருத்தன் இருக்கான். எம்மூத்த பொண்ணு கல்யாண ஜாக்கெட்ட அவ புள்ளைக்குக் காது குத்துறப்ப குடுத்தான்.” தட்டில் வெற்றிலையும் வாழைப்பழமும் வைத்துக் கொடுத்தாள். திரும்பி வரும்போது ஜெயக்கொடி அந்தப் பழத்தைச் சாப்பிட்டாள். நன்றாகத்தான் இனித்தது. அதைத்தான் பிற்பாடு அவளால் பொறுக்க முடியவில்லை.

முகூர்த்தத்தன்று மண்டபத்து அறையில் சௌமியாவுக்குப் புடவை கட்டிவிட்டதும் அவள்தான். ஜாக்கெட்டில் ஒரு சுருக்கம் இல்லை. அளவெடுத்துத் தைத்தது போல இல்லை, கூடவே பிறந்தது போல இருந்தது. சௌமியா குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

“சொன்ன நாளைக்கு முன்னாடியே குடுத்துட்டீங்களாமேக்கா,” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் ஜெயக்கொடியும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள்.

ஜெயக்கொடி எந்த ஜாக்கெட்டிலும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்பாள். கல்யாணமானவள் உடம்பு போடுவாள், தையலைப் பிரித்துவிட்டால் போதும். பிரித்துவிடத்தான் எல்லோரும் வருவார்கள், கதவில் நுழையவே பக்கவாட்டில் திரும்ப வேண்டிய அளவுக்குப் பூரித்துப் போய். சௌமியா ஒருத்திதான் பிடிக்கச் சொல்லி வந்தாள். ஏதோ சொந்தக்காரர் விசேஷத்துக்குப் போட வேண்டுமாம், தோள் நழுவுகிறதாம். கூட வந்த காளியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து ஆச்சரியப்பட்டாள்.

“மூணு வேளையும் உக்காந்துதான் திங்கிறா. ஒரு வேல வெக்கிறதில்ல. ஒடம்பு எங்க போவுதுன்னே தெரில.”

பொய் இல்லை. அந்த வீட்டில் யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. கௌதம் குடிக்கிறவன் இல்லை, ஊருக்குப் போனால் பூ வாங்கி வருகிறவன். அதுதான் சிக்கல். யாரைப் பற்றியும் யாரிடமும் குறை சொல்ல முடியாது. கம்பெனியிலிருந்து போன் வந்தபோது காளியம்மாள்தான் எடுத்தாளாம். ‘அது கல்யாணமாயிப் போயிருச்சுங்க’ என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டாளாம். ஜெயக்கொடி தையலை உள்ளே பிடித்தாள். அடுத்த தடவை வந்தபோது இன்னும் பிடித்தாள்.

பிறகு ஒரு நாள் சுப்ரியா வந்தாள். சௌமியாவோடு ஒரே பேட்சில் சேர்ந்தவள், பக்கத்து மெஷின். அவளுக்கும் கல்யாணம்.

“வேலைய விடச் சொல்றாகளாத்தா?” என்று டேப்பைக் கழுத்தில் போட்டபடி கேட்டாள் ஜெயக்கொடி. முன்பெல்லாம் யாரிடமும் கேட்காத கேள்வி.

“மொதல்ல சொன்னாங்க. ஆடில எங்க பேட்சுக்கே பர்மனென்ட் ஆர்டர் வந்துச்சு இல்லக்கா, அதக் காட்டனன். மாமனாரே வாய மூடிக்கிட்டாரு. இப்ப அவுங்களே ஓசூர்ல வீடு பாக்கறாங்க.” சுப்ரியா கையைத் தூக்கி நின்றாள். “சௌமியா மெஷின ஒரு பையனுக்குக் குடுத்தாங்க. பாதி ரிஜெக்ட். சூப்பர்வைசர் இன்னும் அவ பேரச் சொல்லித்தான் அவனத் திட்டறாரு.”

ஜெயக்கொடி எடுத்த அளவு மனசில் நிற்கவில்லை. மறுபடி எடுத்தாள். மறுபடியும் நிற்கவில்லை. அத்தனை வருஷத்தில் அவள் ஒரே இடுப்பை மூன்று தடவை அளந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த தடவை சௌமியா தனியாக மாடி ஏறி வந்தாள். கௌதம் கீழே வண்டியில் இருந்தான். ஜெயக்கொடி திரையை இழுத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ இங்க வேலைக்கு வாத்தா. நான் அவுககிட்டப் பேசுறேன். பொம்பளைக மட்டும் இருக்குற எடம், விட்டுருவாக.”

“எனக்கு ஊசி வராதுக்கா,” என்றாள் சௌமியா. “எனக்குப் பெரிய மெஷின்தான் புடிக்கும். கதவச் சாத்தி பட்டனத் தட்டுனா உள்ள இரும்பு வெண்ண மாதிரி வழியும். அத ஜன்னல் வழியா பாத்துக்கினே இருக்கலாம்.” சொல்லும்போது முகம் மலர்ந்தது. சொல்லி முடித்ததும் அணைந்தது.

“அன்னைக்கு நான் பூட்டிட்டுப் போயிருக்கணும்த்தா.”

“விடுங்கக்கா. பெத்தவரே கேக்கல, நீங்க என்ன பண்ணுவீங்க.”

மன்னிக்கிறேன் என்று சொன்னால் மனிதர்களுக்கு ஆறுதல் வரும் என்கிறார்கள். ஜெயக்கொடிக்கு அது வரவில்லை. தன்னையும் அவளைப் பெற்ற கோவிந்தப்பனோடு சேர்த்து ஒரே தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள் அந்தப் பெண். உள்ளே பிடிக்கவும் இனித் துணி இல்லை. இதற்கு மேல் பிடித்தால் ஆரிப் பூ பாதியாக மடங்கும். “வேற புதுசா தச்சுக்கத்தா,” என்று மட்டும் சொன்னாள். சௌமியா சரி என்று தலையாட்டிப் போனவள், பிறகு வரவில்லை.

இப்போது ஸ்டுடியோவில் ஒரு புது வழக்கம். கல்யாணப் பெண் போட்டுப் பார்க்க வந்தால், கூட வந்த அம்மா, அத்தை, சித்தி என்று ஒரு படையே இருந்தாலும் எல்லோரையும் கீழே டீ குடிக்க அனுப்பிவிடுவாள். திரையை இழுத்துவிட்டுக் காதோடு கேட்பாள்: “நிசத்தச் சொல்லு. லேட் பண்ணவா?”

ஒரு பெங்களூர் பெண், லேட் பண்ணினால் தள்ளுபடி உண்டா என்று கன்னடத்தில் கேட்டாள். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி வெளியே போய் அம்மாவிடம் சொல்லிவிட, அந்த அம்மா மாடிப்படி இடியும்படி ஏறி வந்து, ‘நீ ஜாக்கெட் தைக்கிறியா, கல்யாணத்தப் பிரிக்கிறியா’ என்று கத்திவிட்டுத் துணியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். கூட்டம் குறைந்துவிட்டது. வெள்ளைச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறார். கேட்பதை அவள் நிறுத்தவில்லை. இதுவரை ஒரு பெண்ணும் ‘ஆமாம்’ என்று சொன்னதில்லை. ஒவ்வொருத்தியும் இல்லை என்று சொல்லும்போது, முதலில் கேட்டவளின் முகம்தான் ஜெயக்கொடிக்குக் கண்ணாடியில் தெரிகிறது.

கதை இவ்வளவுதான்.

பஸ்ஸில் விமல்ராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். “இதுல அந்தக்கா தப்பு என்னா இருக்குது? தைக்கக் குடுத்தாங்க, தச்சாங்க. ஒரு பொடவ இல்லன்னா கல்யாணம் நின்னுருமா? வேற எடுத்திருப்பாங்க.”

“காளியம்மா மாதிரி ஆளுங்கள நீ பாத்ததில்ல,” என்றாள் நாகம்மா. “அபசகுனம்னு ஊரையே கூட்டியிருக்கும். ஆவணிக்குத்தான் போயிருக்கும்.”

“நின்னே போயிருந்தா?” டிரைவர் பெருமாள் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். “அந்தப் பொண்ணு கதி என்னாவறது?”

“பர்மனென்ட்ல இருந்திருப்பா. அது என்னா கெட்ட கதியா?” என்றாள் நாகம்மா.

“வேல இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போவும்க்கா,” என்றான் விமல்ராஜ். “குடும்பம் அப்டியா?”

“உனக்குத் தை மாசம் கல்யாணம்னியே, அந்தப் பொண்ணு வேலைக்குப் போவுதா?”

“போயினுதான் இருக்கு. கல்யாணமானா வேலைய வுட்டு நின்னுக்கறோம்னு சொல்லிட்டாங்க.”

“யாரு சொன்னது? அதுவா, அதோட அப்பனா?”

“ரெண்டும் ஒண்ணுதானக்கா.”

“ஒண்ணா?” நாகம்மா நீட்டிய காலை மடக்கி எழுந்துவிட்டாள். “போன் போடு. இப்பவே போடு. நான் கேக்கறன்.”

“நீங்க யாருக்கா கேக்கறதுக்கு? சோறு போட்டமா, போனமான்னு இருங்க.”

“சோறு போடறவளுக்கு வாயில்லையாடா?” என்று முன் சீட்டிலிருந்து இன்னொருத்தி எழுந்தாள். பின்பக்கமிருந்து யாரோ ‘அவன் ஊட்டு விசயம், உங்களுக்கு என்னா’ என்றான். எவன்டா அது என்று நாகம்மா திரும்பினாள். விமல்ராஜ் போனைப் பாக்கெட்டுக்குள் தள்ள, அவள் கையை நீட்ட, டோல்கேட்டில் வண்டிகள் நகர ஆரம்பித்துவிட்டன என்று பெருமாள் கத்தியது ஒருத்தர் காதிலும் விழவில்லை.