நான்காவது லைன் நெருங்கி நின்ற விதம்

பிரேமாவதி மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நான்காவது லைனின் தலைவி. சிடாம் கிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறாள். இருபத்திரண்டு வருடச் சேவையில் அவளுக்குக் கிடைத்த ஒரே பரிசு, கூட்டமாக நின்றதற்காக.

அங்கே தினமும் காலை ஏழு மணிக்கு 'ஹடில்'. ஒவ்வொரு லைனும் வட்டமாக நின்று நேற்றைய குறைகளையும் இன்றைய இலக்கையும் பேச வேண்டும். இருபது நிமிடம். உட்காரக் கூடாது; உட்கார்ந்தால் சுறுசுறுப்பு போய்விடுமாம். இதைக் கண்டுபிடித்தவருக்கு நிச்சயம் நல்ல முழங்கால்.

நான்காவது லைனில் இருந்த ரமணிக்கு அது இல்லை. ஐம்பத்தேழு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஸ்டூலில் உட்கார்ந்து கையுறையைப் பெட்டியில் அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்த இருபது நிமிடம்தான் எமன். நாற்காலி கேட்கலாமே என்பீர்கள். போன வருடம் ஒருவர் கேட்டார். மாதக் கடைசியில் அவரை வீட்டிலேயே போய் நிம்மதியாக உட்காரச் சொல்லிவிட்டார்கள். ரமணியின் மகள் படிப்பை முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

ஆகவே பிரேமாவதி ஒரு பாக்குலைக் கவிழ்த்துப் போட்டாள், கையுறை அள்ளும் அந்தப் பிளாஸ்டிக் கூடைதான். ரமணி அதில் உட்கார, மற்ற ஒன்பது பேரும் தோளோடு தோள் இடித்துச் சுற்றி நின்றார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இது எட்டு மாதம் ஓடியது.

மனிதவள அதிகாரி குணாளன் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்து உருகிப்போனார். மற்ற லைன்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நிற்க, இவர்களிடம் மட்டும் எவ்வளவு ஒற்றுமை! எல்லாரையும் கூட்டிப் பரிசு கொடுத்தார். சும்மா கொடுக்காமல் சொல்லுக்கு விளக்கமும் கொடுத்தார்.

"ஹடில்னா நெருங்கிக் கூடி நிக்கிறது. எங்கேருந்து வந்துச்சுன்னு உறுதியா தெரியல. பழைய ஜெர்மன் பேச்சுல மூடி மறைக்கிறதுங்கிற சொல்லா இருக்கலாம். கோழி குஞ்சை இறக்கைக்குள்ள மூடிக்குதே, அதுக்கும் அங்க கிட்டத்தட்ட இதே சொல்தான்."

எல்லாரும் கொட்டாவி விட்டார்கள். 'மறைக்கிறது' என்றதும் பிரேமாவதி மட்டும் சட்டென்று ரமணியைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்து அவர் சொன்னது இன்னும் மோசம்.

"நாளைக்கு உங்க வட்டத்துக்கு நடுவுல நின்னு நான் ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்க்கா."

மறுநாள் பாக்குல் இல்லை. நடுவில் குணாளன் நின்றார். ரமணி வட்டத்துக்கு வந்தாள். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அவள் கையைக் கோத்து, பாதிக் கனத்தைத் தாங்கிக்கொண்டார்கள். பத்தாவது நிமிடம் ரமணியின் கண்ணில் நீர் வழிந்தது. பிரேமாவதிக்கு அந்த மனிதரை அறைய வேண்டும் போலிருந்தது.

"ரமணியக்கா ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்று குணாளன் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். படம் அறிவிப்புப் பலகைக்குப் போனது. எல்லா லைனும் இப்படியே நிற்க வேண்டும் என்ற உத்தரவும் கூடவே வந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஏழாவது லைன் தலைவி உமாராணி தேடி வந்தாள்.

"எப்படிக்கா இவ்ளோ நெருங்கி நிக்கிறீங்க? எங்க ஆளுங்க ஒட்டவே மாட்டேங்குறாங்க லா."

இவளை நம்பலாமா என்று பிரேமாவதி சற்று யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"உங்க லைன்ல யாருக்குக் கால் வலி?"

உமாராணி பின்னால் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தங்க இருக்காங்க. வெளிய சொல்லிடாதீங்கக்கா."

"அப்போ ஒரு பாக்குலைக் கவிழ்த்து வை. தானா ஒட்டுவாங்க."