ரப்பர் மூட்டை

"வூட்ல உக்காந்துகினே சம்பாதிக்கிற, குடுத்து வச்சவ நீ" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஏஜென்ட் ஒருவர் வேனில் வந்து ரப்பர் வளையங்களை மூட்டை மூட்டையாக இறக்குவார். அச்சிலிருந்து வந்த வளையத்தின் ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். சாயங்காலம் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து பிளேடால் அதைச் சீவிக் கொடுத்தால் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. எந்தக் கம்பெனிச் சரக்கு என்று நான் கேட்டதே இல்லை. மகளின் டியூஷனுக்கு ஆகிறது, அதோடு சரி.

பக்கத்துப் போர்ஷன் செல்வி ஒரகடத்தில் ஒரு ரப்பர் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தாள். ஒருநாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேராக என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வர வாணாம்னுட்டாங்கக்கா. பிசிறு எடுக்குற எங்க செக்‌ஷனையே மூடிட்டாங்க. வெளிய குடுத்தா மலிவா முடியுதாம்."

"இன்னா அநியாயம்! அவ்ளோ மலிவா எவ செஞ்சி குடுக்குறா?" என்று கத்தினேன். கையில் பிளேடு இருந்தது.

செல்வி என் மடியிலிருந்த வளையம் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்க லைன் பீஸ்க்கா."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வளையத்தை என் மடியிலேயே திரும்ப வைத்துவிட்டு, "இன்னொரு பிளேடு இருக்குதாக்கா?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சீவுகிறோம். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போது அவள் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்ப்பாள். நான் தூக்குவதில்லை.