அறையில்லாத முதலாளி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பம்பு மோட்டாருக்கு அலுமினிய உறை வார்க்கும் கம்பெனி ஒன்றில் நான் எச்.ஆர். மேனேஜராக இருந்தேன். முதலாளி என்னைவிட வயதில் சிறியவர். அப்பா ஆரம்பித்த கம்பெனி அவர் கைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர். தொழிலாளிகளுக்கு ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு எப்போதும் உண்டு. அந்தத் தவிப்போடு பெங்களூருக்குப் போய், தலைமைப் பண்புப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு வந்தார்.

வந்ததும் என்னைக் கூப்பிட்டார். நான் வரைந்து கொடுத்திருந்த நிறுவன அமைப்புப் படம் மேசைமேல் கிடந்தது. உச்சியில் அவர், அடுத்து மேனேஜர்கள், அப்புறம் சூப்பர்வைசர்கள், அடியில் தொழிலாளர்கள்.

"இதைப் பாத்தா கம்பெனி மாதிரியா இருக்கு மேடம்? மாடிப்படி மாதிரி இருக்கு," என்றார்.

"எல்லா கம்பெனியிலயும் இப்படித்தான் சார் இருக்கும்."

"இனிமே நம்ம கம்பெனியில இருக்காது."

அந்த வாரமே அவருடைய கண்ணாடி அறையை இடித்தார்கள். மேனேஜர்களின் அறைகளும் போயின. ஒரே கூடம், எல்லோருக்கும் ஒரே மாதிரி மேசை. யாருக்கும் யாரும் மேலதிகாரி இல்லை. எந்தத் தொழிலாளியும் எப்போது வேண்டுமானாலும் நேராக முதலாளியிடம் பேசலாம். பேசப் பேச 'இது என் கம்பெனி' என்ற எண்ணம் வரும், உற்பத்தி தானாக ஏறும் என்று கூட்டம் போட்டுச் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம். தட்டி முடித்த பிறகு சூப்பர்வைசர்கள் என்னிடம் வந்து, தங்களுக்கு இனி என்ன வேலை என்று கேட்டார்கள். ஊக்கம் கொடுப்பதுதான் வேலை என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. சொன்னேன்.

கூடத்தில் முதலாளியை முதலில் படுத்தியது போன்தான். சரக்கு தாமதமானதற்கு ஒரு வாடிக்கையாளர் அவரைத் திட்ட, இவர் "சரி சார், சரி சார்" என்று சொன்னதைக் கூடமே கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த முறை போன் அடித்ததும் எழுந்து வெளியே போனார். வெயில் தாங்காமல், மர நிழலில் நின்ற தன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். டிரைவர் ஏசியைப் போட்டுவிட்டு வெளியே இறங்கி நின்றார். கொஞ்ச நாளில் முதலாளி காரைவிட்டு இறங்குவதே அபூர்வமாகிவிட்டது.

டிரைவர் ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரர். முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே கார் ஓட்டுகிறவர். என் அமைப்புப் படத்தில் எங்கேயும் அவருக்கு இடம் இருந்ததில்லை.

அந்த நாட்களில், உறைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் பிரிவிலிருந்து பொன்னேரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. வைத்தியத்துக்கு மாலையில் ஆஸ்பத்திரி போக வேண்டும், பகல் ஷிப்ட் வேண்டும் என்றாள்.

"நீயே நேரா சார்கிட்ட சொல்லலாமே," என்றேன். புது விதிப்படி நான் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"அம்மாம் பேரு குந்திக்கினு கீற எடத்துல இத எப்பிடி மேடம் சொல்றது?"

அடுத்த வாரம் அவள் பகல் ஷிப்டில் நின்றாள். யார் மாற்றியது என்று கேட்டேன்.

"டிரைவரண்ணன்கிட்ட சொன்னேன் மேடம். பொம்பள விசயம்னேன், இன்னா ஏதுன்னு கேக்கல. சார் நல்ல மூடுல இருக்க சொல்லோ சொல்லிக்கிறேன், நீ போன்னாரு."

அன்றுதான் ஜன்னல் வழியாக ஒழுங்காகப் பார்த்தேன். கார் அருகே மேனேஜர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். உற்பத்தி மேனேஜர் டிரைவருக்கு டீ வாங்கி வந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நானும் போய் நின்றேன்.

"இன்னா விசயம் மேடம்?"

"கேன்டீன் பத்திப் பேசணும்."

"சாப்பாட்டு விசயமா? இன்னிக்கி வாணாம். ஊட்லயே நாஷ்டா சரியில்லன்னு பேஜாரா கீறாரு."

நான் திரும்பி வந்துவிட்டேன்.

பெரிய வாடிக்கையாளர் ஒருவர் நேரில் வந்த நாளில் இது முடிந்தது. முதலாளி காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். "சார் முக்கியமான வேலையா கீறாரு, மதியத்துக்கு மேல வாங்க," என்று டிரைவர் சொன்னார். வந்தவர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்திருக்கிறார். அதோடு போனவர்தான், மதியத்துக்கு மேலும் வரவில்லை.

முதலாளி என்னிடம் வந்து, "டிரைவருக்கு இந்த அதிகாரத்தை யார் குடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் குடுக்கலை சார்," என்றேன். அது உண்மை.

அவரைக் கண்டிக்கச் சொன்னார். யாருக்கும் யாரும் மேலதிகாரி இல்லையே என்று மெதுவாக நினைவூட்டினேன். கடைசியில் முதலாளியே போனார். இருவரும் காருக்குள் வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. மறு மாதம் கண்ணாடி அறை திரும்பக் கட்டப்பட்டது. 'சிந்தனைக் கூடம்' என்று கதவில் எழுதினார்கள். வெளியே ஒரு நாற்காலி போட்டு, டிரைவரை 'நிர்வாக ஒருங்கிணைப்பாளர்' ஆக்கி உட்கார வைத்தார்கள். காருக்குப் புது டிரைவர் வந்தார்.

சில வாரங்கள் கழித்துப் பழைய டிரைவர் என்னிடம் வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, முகத்தில் களையே இல்லை.

"மேடம், என்னைப் பழையபடி வண்டிக்கே போட சொல்லுங்க. அப்ப நான் வாணாம்னா கம்முனு திரும்பிப் போவாங்க. இப்ப பேட்ஜ மாட்டிக் குந்த வெச்சதும் ஒருத்தனும் மதிக்கறதில்ல. என்னைத் தாண்டிக்கினு உள்ள போயிடறாங்க. ஒரு டீ வாங்கித் தரக்கூட ஆள் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன். போய்ப் பேசினேன். பதவி உயர்வு கொடுத்தும் ஒரு மனிதனுக்கு ஏன் ஊக்கம் வரவில்லை என்று அவர் உண்மையிலேயே வருந்தினார். அடுத்த பயிற்சிக்குப் பழைய டிரைவரையும் பெங்களூருக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டார்.