கர்கிள், ட்ரிக்கிள், தண்ணி வந்துருச்சுங்க!

இந்த நாட்டில் வீட்டுச் சுவருக்குள் குழாய் பேசுகிறது. இங்கிலாந்துக்கு வந்த மூன்றாம் நாள் விடியலில் சமையலறைச் சுவர் 'களக், புளக்' என்றதும் படுக்கையிலிருந்து எகிறிக் குதித்தேன். பக்கெட், குக்கர், பால் சட்டி, பூச்சாடி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நிரப்பி வரிசையாக வைத்தேன். கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன புள்ள, ஊடு பூரா பாத்திரமா இருக்குது?"

"தண்ணி வந்துருச்சுங்க! நிக்காம அந்த டப்பாவ எடுங்க!"

"இங்க எந்நேரமும் தண்ணி வரும் புள்ள. அது ஹீட்டர் பைப்புச் சத்தம்."

எனக்கு வந்த சிரிப்பு அன்று முழுக்க நிற்கவில்லை. திருப்பூரில் நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஏரியாவில், வாரம் ஒருமுறையோ பத்து நாளைக்கு ஒருமுறையோ வரும் தண்ணீருக்கு எங்கள் காம்பவுண்டின் காது நான்தான். குழாயில் முதலில் காற்று சீறும், அப்புறம் விக்கும், அப்புறம்தான் தண்ணீர். முதல் சீறலிலேயே "தண்ணி வருதுங்கோ!" என்று கத்துவேன். எதிர்வீட்டு மதுரை அக்கா, பின்வீட்டு பீகார்ப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு ஓடி வருவார்கள். பனியன் கம்பெனியில் நாற்பது டெய்லர்களை மேய்த்த சூப்பர்வைசர் நான். ஆனாலும் என் காதுக்கு இருந்த மரியாதை என் பதவிக்கு இருந்ததில்லை.

இங்கே அந்த சூப்பர்வைசரை யாரும் சீண்டவில்லை. ஐந்து இன்டர்வியூ போனேன். ஐந்திலும் என் ஆங்கிலம் போதாது என்று இனிக்க இனிக்கச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு வருடமாக ஜன்னலோடுதான் குடித்தனம். ஆறாவதாக வந்தது ஒரு பிளம்பிங் கம்பெனியில் போன் எடுக்கும் வேலைக்கான இன்டர்வியூ. இதுவும் கைவிட்டுப் போனால் எனக்குப் பேச்சே மறந்துவிடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

கூப்பிடுகிறவர் சொல்லும் சத்தத்தை வைத்து ஆளை உடனே அனுப்புவதா, நாளைக்கா, வேண்டவே வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். ஆகவே தண்ணீர் வினைச்சொற்களை மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். அடேயப்பா! சொட்டினால் ட்ரிப். நூலாக வழிந்தால் ட்ரிக்கிள். பீய்ச்சினால் ஸ்பர்ட், கொட்டினால் கஷ், கசிந்தால் சீப். ஓடை கல்லோடு வாயாடினால் பாபிள், தொண்டைக்குள் விக்கினால் கர்கிள். நாம் சலசல, களகள, குபுகுபு என்று சத்தம் போட்டுக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். இவர்களுக்கு மழைக்குக் குறைவில்லை, உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். சாம்பார் கர்கிள் ஆகிறது, மூக்கு ட்ரிக்கிள் ஆகிறது என்று வீடெல்லாம் நான் பினாத்த, கணவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

இன்டர்வியூவில் மேலாளர் மார்கரெட், வாடிக்கையாளர் வீடுகளில் பதிவு செய்த குழாய்ச் சத்தங்களை ஒலிக்கவிட்டார். ட்ரிப் என்றேன். கஷ் என்றேன். நான்காவதாக ஒரு சீறல், ஒரு விக்கல். அவ்வளவுதான், நாற்காலி கவிழ எழுந்து கதவருகே போய் நின்றேன். கண் அந்த அறையில் குடம் தேடியது.

"பாத்ரூம் இடது பக்கம், லவ்" என்றார் மார்கரெட் பரிவோடு. நம்மூர் 'கண்ணு'தான் இங்கே லவ்.

"நோ மேடம்! ஏர்! பைப்புல ஏர்! நோ லீக்!"

படித்த வினைச்சொல் ஒன்றுகூட வாயில் வரவில்லை. சீறிக் காட்டினேன், விக்கிக் காட்டினேன், கையால் குழாயைத் திறந்து காற்றை வெளியே விட்டும் காட்டினேன். அவர் என்னையே பார்த்துவிட்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் அதை லீக் என்று சொல்லி, உடனே ஆளை அனுப்ப வேண்டும் என்றார்களாம். திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொன்னார். அன்று நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, கஷ் ஆகிப் போனேன்.

இன்று என் முதல் அழைப்பு. ஒரு பெரியவர், நடுங்கும் குரல். சுவருக்குள் என்னவோ கர்கிள் ஆகிறது, வீடு மூழ்கிவிடுமோ என்றார். போனைக் குழாயருகே பிடிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டேன். காற்றுதான். பயப்படாதீர்கள், தண்ணீர் வராது என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னேன். அவர் மூன்று முறை நன்றி சொன்னார். தண்ணீர் வராது என்றதற்கு நன்றி சொல்லும் மனிதரை என் வாழ்நாளில் இப்போதுதான் சந்திக்கிறேன். போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், மேசைக்கடியில் என் கால்கள் இரண்டும் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாயடிக்கு ஓடத் தயாராக நிற்கின்றன.