மடுத்தீன் வீட்டில் தொலைக்காட்சி இல்லை

மடுத்தீனுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. மன்னாரில் இருக்கும் அக்கா முன்பெல்லாம் எழுதுவா. இப்போது அவவும் தொலைபேசியில் குரலைப் பதிந்து அனுப்பிவிடுகிறா. ஆகையால் தபால் பெட்டிக்குள் வெள்ளை உறை ஒன்று கிடந்தால் அது வரிக் கந்தோரில் இருந்து வந்ததாகத்தான் இருக்கும். அன்றைக்குக் கிடந்தது மூன்றாவது.

மாடி ஏறும்போதே பிரித்துப் படித்தார். இருபத்தெட்டு வருடம் பாரிஸ் உணவகங்களில் பீங்கான் கழுவியவருக்குச் சமையலறைப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. கந்தோர்ப் பிரெஞ்சு அப்படியல்ல. இரண்டு தரம் வாசித்தால்தான் பிடிபடும். இரண்டாம் தரம் வாசித்தபோது நான்காம் மாடியில் நின்றுவிட்டார். வீட்டில் தொலைக்காட்சி இல்லை என்று அவர் கொடுத்த தகவல் உண்மைக்குப் புறம்பானது என்று கருதுகிறார்களாம். ஒன்பதாம் திகதிக்குள் விளக்கம் வேண்டுமாம்.

தொலைக்காட்சி வரியை அரசாங்கம் நீக்கிவிடுவதற்கு முந்தைய வருடம் அது. வீட்டில் தொலைக்காட்சி வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அதற்கென்று வரி கட்டவேண்டும். இல்லாதவர்கள் வருமானவரிப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் புள்ளடி போடவேண்டும். மடுத்தீன் போட்டிருந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு கடுகளவும் பொய் கலவாத புள்ளடி அது.

கட்டித் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்; அவரால் முடியாத தொகை ஒன்றும் இல்லை. ஆனால் உண்மைக்குப் புறம்பு என்று எழுதிவிட்டார்களே! மெத்ரோவில் ஒருநாள் டிக்கெட் இல்லாமல் ஏறாத மனிதர். உணவக முதலாளியான பத்ரோன் கடைத் திறப்பையே அவர் கையில் கொடுத்துவிட்டு விடுமுறைக்குப் போவார். அந்த ஒரு வாக்கியம் அவருக்கு நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

எங்கே பிசகியது என்பதைச் சொல்வதற்கு அந்த அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம், ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு அறை, ஒரு குசினி. முதலில் விசாவும் சம்பளத் துண்டும் கிடைத்தவர் மடுத்தீன் என்பதால் அவர் பெயரில் எடுத்தார்கள். ஒரு காலத்தில் அதற்குள் ஆறு பேர் கிடந்தார்கள். ஆறு பேருக்கும் ஒரு தொலைக்காட்சி. கிரிக்கெட்டா படமா என்று ரிமோட்டுக்கு நடக்காத சண்டை இல்லை.

பிறகு ஒவ்வொருவருக்காக மனைவிமார் வந்து இறங்கினார்கள். அறையை விட்டுப் போகிறவனை வெறுங்கையோடு அனுப்புவதில்லை என்பது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம். புது வீட்டுக்குப் புதுத் தொலைக்காட்சி. மிஞ்சியிருப்பவர்கள் சேர்ந்து போடுவார்கள். கடைக்குப் போய்ப் பேசி வாங்குவது மடுத்தீன். கடைக்காரன் பெயர், விலாசம் கேட்பான். உத்தரவாதத்துக்காக்கும் என்று நினைத்து மடுத்தீன் தன் பெயரையும் தன் விலாசத்தையும் பெருமையாகச் சொல்லுவார். தொலைக்காட்சி வாங்குகிறவனின் விபரத்தைக் கடைக்காரன் வரிக் கந்தோருக்கு அறிவிக்கவேண்டும் என்பது இங்கத்தைய சட்டம். அதை அவருக்கு யார் சொன்னார்கள்?

முதலில் அம்புறோஸ் போனான். கடைசியாகப் போனவன் யோன். அப்போது பங்கு போட வேறு ஆள் இல்லை. மடுத்தீன் தனியாகவே வாங்கிக் கொடுத்தார், முன்னையதை எல்லாம்விடப் பெரியதாக. அதற்குப் பிறகு அறையில் இருந்த பழைய பெட்டி நாலு மாதம்தான் ஓடியது. புதிதாக ஒன்று வாங்க அவர் நினைக்கவில்லை. ஆறு பேர் பறித்துப் பறித்துப் பார்த்த சாமானைத் தனியாக இருந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. பெட்டி மாட்டியிருந்த ஆணிகள் மட்டும் சுவரில் இன்னமும் இருக்கின்றன.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வரிக் கந்தோருக்குப் போனார். முதல் நாள் மூன்றாம் இலக்க மேசையில் ஏழாம் இலக்கத்துக்குப் போகச் சொன்னார்கள். ஏழாம் இலக்கத்தில் நாளும் நேரமும் குறித்து ரந்தேவு எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். ரந்தேவு எடுத்துக்கொண்டு போனால், முன்பு அவர் எழுதிய இரண்டு விளக்கக் கடிதங்களும் வேறு யாரோ ஒருவரின் கோப்புக்குள் கிடக்கின்றன என்றார்கள். மேசையில் இருந்தவ கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. குரலில் கடுமை இல்லை. கணினித் திரையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தா.

"பதினொரு வருடத்தில் ஐந்து தொலைக்காட்சிகள் உங்கள் பெயரில் வாங்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் ஒன்றுகூட இல்லை என்கிறீர்கள்."

"ஐந்தையும் கொடுத்துவிட்டேன், மதாம்."

"விற்றீர்களா?"

"இல்லை. கொடுத்தேன். கூட இருந்தவர்களுக்கு."

ஐந்து தொலைக்காட்சிகளை ஒருவன் சும்மா கொடுப்பானா என்று அந்தப் பெண் வாய்விட்டுக் கேட்கவில்லை. புருவம் கேட்டது. மடுத்தீனுக்குக் காது சூடாகியது.

"வந்து பாருங்கள், மதாம். இன்றைக்கே வாருங்கள். ஐந்தாம் மாடி." சொல்லும்போதே, இந்த அம்மா உண்மையாகவே வந்தால் தேத்தண்ணீரோடு என்ன கொடுக்கலாம் என்று அவருடைய மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

"வீடு வீடாக வர எங்களிடம் ஆட்கள் இல்லை," என்று சொல்லி அவ ஒரு தாளை நீட்டினா. "இது ஒரு அத்தெஸ்தாசியோன். உங்கள் வீட்டுக்கு வழமையாக வந்துபோகிற ஒருவர், உள்ளே தொலைக்காட்சி இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும். அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் வேண்டும். யாராக இருந்தாலும் சரி. நண்பர், உறவினர், பக்கத்து வீட்டுக்காரர்."

மடுத்தீன் நன்றி சொல்லிவிட்டு எழும்பினார். ஒரு கையெழுத்து, இதென்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தார். ரூ பிலிப்-து-ஜிரார் வழியாக நடந்து வரும்போதுதான் விஷயம் மெல்ல மெல்ல உறைத்தது. வழமையாக வந்துபோகிறவர். யார்?

பக்கத்து வீட்டை இப்போது நாள்வாடகைக்கு விடுகிறார்கள். சூட்கேசோடு வந்து சூட்கேசோடு போகிறவர்களின் முகம்கூடத் தெரியாது. ஒக்டோபரில் மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் செபமாலை சொல்லுவார்கள். தனி ஆம்பிளையின் அறை, ஐந்து மாடி என்று கோயில் பங்குச் சனம் அவரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அவரும் ஏன் என்று கேட்டதில்லை. கடைசியாகத் தன்னைத் தவிர யார் அந்த வாசற்படியைத் தாண்டியது என்று யோசித்துப் பார்த்தார். குழாய் திருத்த வந்தவன். அதுவும் போன வருடத்துக்கு முதல் வருடம். கடைகளுக்குள் சனம் இடிபட்டுக்கொண்டு நின்றது. அவ்வளவு பேருக்கு நடுவிலும் அவருக்கு ஒரு சாட்சி இல்லை. கடைக்கண்ணாடி ஒன்றின் முன்னால் சாமான் பார்ப்பவர்போலக் கொஞ்சநேரம் நின்று தன்னைத் தேற்றிக்கொண்டுதான் நடந்தார்.

அம்புறோஸின் தொலைபேசி இலக்கம் மாறிவிட்டது. மற்ற மூன்று பேரும் எடுக்கவில்லை. யோன் எடுத்தான்.

"இதுக்கேன் அண்ணை யோசிக்கிறியள்? பேப்பரை வட்சப்பிலை அனுப்புங்கோ. கையெழுத்து வைச்சு அனுப்பிறன்."

"பாக்காமல் எப்பிடியடா பாத்தனெண்டு எழுதுவாய்? பொய்யெண்டு அவங்கள் சொன்னதுக்குத்தானே இவ்வளவு பாடு. ஒருக்கா வந்து உள்ளை பாத்திட்டு எழுது. துஷ்யந்தியையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா, சாப்பிட்டிட்டுப் போகலாம்."

"சரி அண்ணை. வாற ஞாயிறு எல்லாருமா வாறம்."

ஞாயிறும் திங்களும் உணவகம் பூட்டு. மடுத்தீன் சனி பின்னேரமே லா சப்பலில் மீன்கடைக்குப் போய்விட்டார்.

"எத்தினை பேருக்கு அண்ணை?" என்று கேட்டான் கடைக்காரன்.

"ஐஞ்சு பேர். பிள்ளையளும் வருகினம். சதை உள்ள நண்டாப் பாத்துப் போடும்."

ஒரு நாளைக்கு நானூறு பீங்கான் கழுவுகிற மனிதரின் வீட்டில் இருந்தது இரண்டே இரண்டு பீங்கான். பத்ரோனிடம் கேட்டு மூன்று வாங்கி வந்தார். மடிக்கிற முக்காலி இரண்டு வாங்கினார். யன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்தார். பிள்ளைகளுக்கு உறைப்புக் கூடாது என்று நண்டை இரண்டு சட்டியில் வைத்தார். ஒன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. மூத்தவளுக்கு இண்டைக்கு டான்ஸ் போட்டியாம். எனக்கு இப்பத்தான் சொல்லுகினம்."

"அதுக்கென்னடா, படிப்பும் டான்சும்தானே முக்கியம்," என்றார் மடுத்தீன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் நண்டுக் கறியே சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் நண்டு, மறுபடியும் இரண்டு சட்டி. இந்த முறை தொலைபேசி அடித்தபோது யோனின் குரலுக்குப் பின்னால் வாகன இரைச்சல் கேட்டது. "கீழைதான் அண்ணை சுத்திறன். ஒரு பார்க்கிங்கும் இல்லை. பேப்பரைக் கொண்டு ஒருக்கா கீழை இறங்குங்கோவன், கார்க்குள்ளை வைச்சே எழுதித் தாறன்."

மடுத்தீன் யன்னலுக்கு ஓடினார். தெருவில் கறுப்புக் கார் ஒன்று ஊர்ந்துகொண்டு போனது. யோன் மட்டும்தான் இருந்தான் என்பது ஐந்தாம் மாடியில் இருந்தே தெரிந்தது.

"கீழை நிண்டு என்னத்தையடா பாப்பாய்? வீடு மேலையெல்லோ இருக்கு!" கோபத்தில் அவருக்குக் குரல் கீறியது. "பாத்திட்டுத்தான் எழுதோணும்."

"உங்களோடை கதைச்சு வெல்லேலாது அண்ணை. பிறகு எடுக்கிறன்." கார் மூலையில் திரும்பியது. திரும்பி வரும் என்று மடுத்தீன் இருபது நிமிடம் யன்னலில் நின்றார்.

ஒன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை. வேறு வழியில்லை. திங்கள் பின்னேரம் ரயிலேறி, யோன் குடியிருக்கும் ஸ்தேனுக்குப் போனார்.

யோனின் மனைவி துஷ்யந்தி கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை, எவ்வளவு காலம்!" என்று உண்மையான சந்தோஷத்தோடுதான் கூப்பிட்டா. வரவேற்பறைச் சுவரில் அவர் வாங்கிக் கொடுத்த அதே தொலைக்காட்சி. பிள்ளைகள் இரண்டும் அதன் முன்னால் தரையில் படுத்திருந்தார்கள். அது நன்றாக ஓடுகிறது என்று பார்க்க மடுத்தீனுக்கு ஒரு திருப்தியாகவும் இருந்தது.

யோன் வெட்கப்பட்டான். அதை மறைக்கக் கலகலவென்று கதைத்தபடி பேனையை எடுத்தான். "எவ்வளவு காலத்துக்கு ஒருக்கா வந்துபோறனீங்கள் எண்டு கேட்டிருக்கு. ஒவ்வொரு ஞாயிறும் எண்டு போடுறன்."

மடுத்தீன் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

மூத்தவள் எழும்பி வந்து தகப்பனின் தோளுக்கு மேலால் தாளை வாசித்தாள். ஒன்பது வயது. பிரெஞ்சில் கேட்டாள்: "பாப்பா, ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் யார் வீட்டுக்குப் போகிறோம்?"

"நீ போய் டீவியைப் பார்," என்றான் யோன்.

அவள் மடுத்தீனை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையில் குற்றம் ஒன்றும் இல்லை. அவர் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை கண்ணாடிப் பெண்மணி அத்தெஸ்தாசியோனை நிதானமாக வாசித்தா. அடையாள அட்டைப் பிரதியோடு ஒப்பிட்டா. பிறகு சிரித்தா.

"ஒவ்வொரு ஞாயிறுமா? நல்ல நண்பர்."

ஒரு தலையசைப்போடு முடித்திருக்கலாம். மடுத்தீனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போயிருந்தார். ஆனால் அந்த அம்மா பதிலுக்காகத் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறா என்று கண்டதும் வாய் தானாகத் திறந்தது.

"ஆம் மதாம். பிள்ளைகளோடுதான் வருவான். இரண்டு பெண் பிள்ளைகள். நான் நண்டு சமைப்பேன், இரண்டு சட்டியில், பிள்ளைகளுக்கு உறைப்பில்லாமல் வேறாக. சின்னவள் என்றாலும் பெரியவர்களின் சட்டிக்குள்தான் கை வைப்பாள். பிறகு தண்ணீர், தண்ணீர் என்று துள்ளுவாள். ஐந்து மாடியையும் ஓடியே ஏறி வருவார்கள். கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று முறைப்பாடு சொல்லுவார்."

இருபத்தெட்டு வருடத்தில் அவர் இவ்வளவு பிரெஞ்சை ஒரே மூச்சில் பேசியதில்லை. ஒரு சொல் தடுக்கவில்லை. பேசும்போது நண்டுக் கறி அவருக்கு மணத்தது.

"கொடுத்துவைத்தவர் நீங்கள்," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் விசைப்பலகையில் தட்டினா. "உண்மைக்குப் புறம்பான தகவல் என்று இருந்த குறிப்பை நீக்கிவிட்டேன். எங்களுடைய பிழை, மன்னிக்கவேண்டும். வேறு ஏதாவது?"

மூத்தவளின் நடனப் போட்டியைப் பற்றி அவர் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு வாயெடுத்தார். மேலே திரையில் அடுத்தவரின் இலக்கம் விழுந்துவிட்டது. பின்னால் ஒருவர் கோப்போடு வந்து நின்றார்.

"ஒன்றுமில்லை மதாம்," என்று சொல்லிவிட்டு மடுத்தீன் கதிரையை விட்டு எழும்பினார்.