நாலாம் நம்பர் கத்தி

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கத்தி தொங்குகிறது. வெளியூர்க்காரர்கள் கொடுவாள் என்பார்கள். எங்கள் பக்கத்தில் கத்திதான். முனை வளைந்து, பிடி வழவழத்து, பிடியின் அடியில் வெள்ளைப் பெயிண்டில் 4 என்று எழுதியிருக்கும். காஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருஷமாயிற்று. தேங்காய் உடைக்கக்கூட நான் அதை எடுப்பதில்லை. “துருப்புடிச்சத இன்னாத்துக்கும்மா மாட்டி வெச்சிகினு கீற? பழைய இரும்புக்குப் போடு” என்று என் மகன் ஒவ்வொரு போகிக்கும் சொல்லுவான். நானும் சரி சரி என்பேன், போடமாட்டேன். அந்த நாலை எழுதியவர் ஒரு வனக்காப்பாளர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘கார்டு’. மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், வயது அப்போது நாற்பதுக்குள்தான் இருக்கும். எங்களைவிடச் சின்னப் பெண்களைக்கூடத் தாயி என்றுதான் கூப்பிடுவார்.

1991 என்றாலே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆட்களிடம் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்பார்கள். நான் சொல்ல வந்தது அது இல்லை. அந்தக் கோடை போய், போலீஸ் ஜீப்புகள் குறைந்து, ஊர் பழையபடி மூச்சுவிட ஆரம்பித்த ஆவணி மாதத்துச் சங்கதி இது. ஒரகடத்தில் அப்போது கார் கம்பெனியும் கிடையாது, கம்பெனி பஸ்ஸும் கிடையாது. ஏரி, நெல், செங்கல் சூளை, அப்புறம் காப்புக்காடு. காடு என்றதும் யானை புலி என்று நினைத்துவிடாதீர்கள். களா, காரை, சூரை என்று ஆளுயரப் புதர்கள், நடுநடுவே உசிலையும் பாலையும். சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த எல்லைக் கற்குவியல்கள். அதைத் தாண்டினால் சர்க்கார் சொத்து. தாண்டாமல் எங்கள் ஊரில் எந்த அடுப்பும் எரியாது.

கார்டு காட்டுக்குள் விடவே மாட்டேன் என்று சொன்னவர் இல்லை. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. காலையில் நாங்கள் சுமையோடு வெளியே வரும் தடத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருப்பார். சுமையை இறக்கச் சொல்லி, நடுவிலிருந்து ஒரு குச்சியை உருவி, எங்கள் கையிலேயே கொடுத்து ஒடிக்கச் சொல்லுவார். படக்கென்று சத்தம் வந்தால் காய்ந்த விறகு, போகலாம். சத்தம் வராமல் வளைந்து நார் விட்டால் பச்சை மரத்தை வெட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். உடனே கத்தியைப் பிடுங்கிக்கொள்வார். வீட்டுக்கு ஒரு நம்பர் போட்டு வைத்திருந்தார், எங்கள் வீடு நாலு. ஒரு வாரம் கழித்து டீக்கடை முன்னால் வந்து கத்தியைத் திருப்பிக் கொடுப்பார். அவருடைய நீளமான நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி, கைநாட்டு. நான் பத்தாவது படித்தவள். ஊரில் பாதிப் பேருக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்தவள். அந்த நோட்டில் ஆறு இடத்தில் என் கையெழுத்து இருந்தது என்றால் என் யோக்கியதையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாவது தடவை கத்தி போய் நாலு நாள் ஆகியிருந்தது. கத்தி இல்லாமல், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையால் சுள்ளி பொறுக்கப் போன ஒரு விடியற்காலையில், காட்டின் மேற்கு ஓரத்தில் கோடாலிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சூளை முதலாளியின் லாரி நிற்கிறது. அடிமரம் அடிமரமாகப் பாலையும் உசிலையும் கிடக்கின்றன. வெட்டின இடத்தில் பால் வடிந்துகொண்டிருந்தது. எனக்கு வந்ததே ஒரு கோபம்! நேராகத் தடத்துக்கு ஓடினேன். கல்லில் உட்கார்ந்திருந்த கார்டிடம் கத்தினேன். “எங்க குச்சிய ஒடிச்சி ஒடிச்சி சத்தம் கேக்கிறீங்களே, அங்க லாரி நெறைய மரத்தையே ஏத்திகினு கீறாங்க! அத்த யார் ஒடிச்சிப் பாக்கறது?” அவர் சைக்கிளைக்கூட எடுக்காமல் ஓடினார்.

லாரியை மடக்கிவிட்டார். சாவியையும் பிடுங்கிவிட்டார். அதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் பிடித்த இடத்திலேயே மகஜர் எழுத வேண்டும். எந்த மரம், எத்தனை துண்டு, எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று எழுதி, ஊர்க்காரர் இரண்டு பேர் கண்ணால் பார்த்ததாகச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆடு மேய்க்க வந்த ஒரு பெரியவர் கைநாட்டு வைத்துவிட்டார். இன்னும் ஒரு ஆள் வேண்டும். கார்டு என்னைப் பார்த்தார். அதற்குள் விஷயம் சூளைக்குப் போய் அங்கிருந்து நாலைந்து பேர் வந்துவிட்டார்கள், முதலாளியின் கணக்குப்பிள்ளையும் வந்தார். அவர்கள் பின்னால் என் வீட்டுக்காரர் நின்றார். அவர் அந்தச் சூளையில்தான் டிராக்டர் ஓட்டினார். நாங்கள் குடியிருந்த வீடு முதலாளியின் இடத்தில் இருந்தது. மகனுக்கு அப்போது இரண்டு வயது. வீட்டுக்காரர் என்னிடம் வந்து, உதடு அசையாமல், “நீ ஒண்ணும் பாக்கல. தெர்தா?” என்றார்.

“ஒரு கையெழுத்து தாயி” என்று கார்டு பேனாவை நீட்டினார்.

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுங்க” என்றேன்.

அந்த வாய் எப்படித்தான் சொல்லிற்றோ! சுற்றி நின்றவர்களில் என்னிடம் கடுதாசி எழுதி வாங்கியவர்களே மூன்று பேர். யாரும் சிரிக்கவில்லை. வெளியூர்க்காரரான கணக்குப்பிள்ளைக்கு மட்டும் நான் படித்தவள் என்று தெரியாது. கார்டின் தோள்பையில் அந்த நோட்டு இருந்தது, மைப்பெட்டியும் இருந்தது. நோட்டைத் திறந்து ஆறு கையெழுத்தையும் எல்லார் முன்னாலும் காட்டியிருக்கலாம். சரி, கைநாட்டு வை என்று மைப்பெட்டியை எடுத்திருக்கலாம். அவர் கை பைக்குப் போனது, நான் பார்த்தேன். என் இடுப்பில் பிள்ளை இருந்தான். அவர் அவனைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார், பையை மூடிவிட்டார். “சரி தாயி, நீ போ” என்றார்.

அது முதலாளியின் சொந்தப் பட்டா நிலத்தில் வெட்டிய மரம் என்று மறுநாள் ஒரு காகிதம் வந்தது. அதை மறுத்துச் சொல்ல ஒரு கைநாட்டுப் பெரியவர் மட்டும் போதவில்லை. லாரி போய்விட்டது. மாதம் முடிவதற்குள் கார்டுக்கு எங்கேயோ மலைப்பக்கம் மாற்றல் வந்துவிட்டது. போவதற்கு முன் பிடித்து வைத்திருந்த கத்திகளையெல்லாம் ஒரு சாக்கில் போட்டு டீக்கடைக்குக் கொண்டுவந்தார். கடை பெஞ்சில் கணக்குப்பிள்ளை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். ஒவ்வொருத்தியாகக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து வாங்கிப் போனார்கள். என் முறை வந்ததும் பழக்க தோஷத்தில் பேனாவுக்குக் கை நீட்டிவிட்டேன். கார்டு நோட்டைப் பட்டென்று மூடினார். “உனக்குத்தான் எழுதத் தெரியாதே தாயி. சும்மா வாங்கிட்டுப் போ” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. குத்திக் காட்டுகிறார், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துகிறார் என்று அன்று முழுக்க அழுதேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்துணவு மையத்தில் அமைப்பாளர் வேலை கிடைத்து, தினமும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் போட்டு ஒருநாள்தான் அந்த பெஞ்ச் ஞாபகத்துக்கு வந்தது. கணக்குப்பிள்ளையின் கண் முன்னால் நான் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் என் பொய் அங்கேயே உடைந்திருக்கும். பார்த்தும் பொய் சொல்லி ஒதுங்கியவள் என்று தெரிந்துவிட்டால், என்றைக்காவது மனசு மாறிச் சாட்சி சொல்லிவிடுவேன் என்று சூளையில் பயப்படுவார்கள். வீடும் போயிருக்கும், டிராக்டரும் போயிருக்கும். தோற்றுப்போன மனுஷன், போகிற நேரத்தில், தன்னைத் தோற்கடித்தவளின் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்கு மையத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட என்னால் முடியவில்லை, ஆயாதான் போட்டாள்.

அப்புறம் கம்பெனிகள் வந்தன. சூளைகள் போயின, வயல்கள் போயின. பட்டா நிலத்தை ஊர்க்காரர்கள் நாங்களேதான் விற்றோம், ஒருத்தரையும் குறை சொல்ல வழியில்லை. காப்புக்காட்டில் மட்டும் யாராலும் கைவைக்க முடியவில்லை. அந்தப் பக்கம் கார் கம்பெனி மதில், இந்தப் பக்கம் குடோன் மதில், நடுவில் அது நிற்கிறது. ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏ.சி. இருக்கிறது, ஆனாலும் அந்த ஓரத்தைக் கடக்கும்போது பிள்ளைகள் ஜன்னலைத் திறந்துகொள்கிறார்கள் என்று என் மகன் சொல்லுவான். கார்டு அன்று கல்லின்மேல் உட்கார்ந்து எங்களிடமிருந்து காப்பாற்றியது இதைத்தான்.

போன ஆடியில் ஒரு காலை, வாசலில் காக்கி உடுப்பு போட்ட ஒரு பெண் வந்து நின்றாள். இப்போதைய கார்டு. இருபத்தைந்து வயது இருக்கும். குடோன் கட்டுகிறவர்கள் எல்லைக்கல்லைத் தள்ளிவிட்டு ஜேசிபியால் காட்டு ஓரத்தை வழித்திருக்கிறார்கள், மகஜர் எழுதியாயிற்று, இன்னும் ஒரு சாட்சி வேண்டும், தெருவில் கேட்ட வீடெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டது என்றாள். மரம் சாய்ந்ததை நானும் அன்று விடியற்காலையிலேயே பார்த்திருந்தேன். என் மகனின் வேன் அந்தக் காண்ட்ராக்டரிடம்தான் ஓடுகிறது. “நமக்கு இன்னாத்துக்கும்மா வம்பு? ட்ரிப்ப நிறுத்திடுவான்” என்று அவன் உள்ளேயிருந்து கத்தினான். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கத்தி தொங்குகிற சமையலறைக் கதவைத்தான் பார்த்தார்.

“போடு” என்றார். “அன்னிக்கு நாந்தான் தடுத்தேன். போடு.”

எனக்கு வயதாகிவிட்டது, நரைத்த தலை, மங்கிப்போன புடவை. அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, தயங்காமல் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து நீட்டினாள். “கட்டைவிரல மட்டும் இப்டி வைங்கம்மா, போதும்.”

“பேனாவக் குடும்மா” என்றேன். “எனக்கு எழுதத் தெரியும். அப்பவே தெரியும்.”