நம் பெயரில் பேசியது யார் என்று கேட்டவர்

போன வாரம் செவிலிமேட்டு டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது பத்மாவதி அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா காலைல போயிட்டாங்கம்மா" என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எங்கே போவதென்று தெரியாமல் நின்றேன்.

சென்னையில் ஒரு சிமென்ட் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அக்கா கம்பெனி செக்ரட்டரி; இயக்குநர் குழுவைக் கூட்டுவதும் அங்கே பேசியதை மினிட்ஸாகப் பதிவதும் அவர் வேலை. நான் கணக்குப் பிரிவு. காஞ்சிபுரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம் என்பதால் பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். வெளிச்சம் இருக்கும்போதே டிபன் டப்பாவைத் திறந்து, "நீயும் ரெண்டு வாய் எடுத்துக்கோம்மா, ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள பசிக்கும்" என்பார்.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. புவி வெப்பமாவதைக் குறைக்க ஆலைப் புகைக்குக் கட்டுப்பாடு வரலாம் என்று பேச்சு எழுந்தது. எங்கள் ஆண்டறிக்கை அதை வரவேற்றது. நாங்கள் உறுப்பினராயிருந்த ஆலை முதலாளிகள் சங்கமோ, எங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லி, கட்டுப்பாடே கூடாதென்று டெல்லியில் அமைச்சர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அதை இயக்குநர் குழுவின் முன் வைத்தார். கணக்குச் சொல்லப் போயிருந்த நானும் அங்கிருந்தேன்.

"அது சங்கத்தோட வேலைம்மா, நமக்கென்ன?" என்று தலைவர் சிரித்தார்.

"பேசறது அவங்க சார். பேரு நம்மளுது. இன்னா பேசறாங்கன்னு இந்தக் குழு கேக்கவேணாமா?"

ஓர் இயக்குநர் எரிந்துவிழுந்தார். "உங்க வேலை மினிட்ஸ் எழுதறது."

"எழுதறேன் சார். கேக்கவேணாம்னு நீங்க சொன்னதையும் எழுதறேன்."

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. வாக்குவாதம் முடிவதற்குள் ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. சங்கம் எங்கள் பெயரில் சொல்வதெல்லாம் இனி முன்கூட்டியே குழுவுக்கு வரவேண்டும் என்று முடிவானது. பஸ்ஸில் அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"பசிக்குதாக்கா?"

"பசிக்குதும்மா. சந்தோஷமாவும் இருக்குது."

மறு ஆண்டு சங்கத்தின் மனுவிலிருந்து எங்கள் கம்பெனி பெயரை எடுக்கவைத்தது குழு. பிறகு எங்கள் கம்பெனித் தலைவர் மாறினார். சங்கம் சொல்வதை முன்கூட்டிப் பார்க்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். அக்காவைப் பங்குதாரர் புகார்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் ராஜினாமா செய்தார். நான் அழுதபோது, "ஒரு வருஷமாவது நாம சொல்லாததை நம்ம பேர்ல சொல்லாம இருந்தாங்க இல்ல, அழாதே" என்றார்.

அவரோடு வேலை பார்த்த நீங்களெல்லாம் அவரவர்க்கு வேண்டியதை அவரிடமிருந்து எடுத்துவைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது இதுதான்: எங்கள் தெருக்காரர்கள் கூட்டத்தில் யாராவது "எல்லாருக்கும் சம்மதம்" என்று முடிக்கப்போனால் என் கை தானாக உயர்கிறது. "யார் யாரைக் கேட்டீங்க?" என்று கேட்டு முடித்ததும் பக்கத்து நாற்காலியைப் பார்க்கிறேன். "நல்லா கேட்டம்மா" என்று அந்தக் குரல் ஒருமுறை சொல்லாதா என்றிருக்கிறது.